முப்பிடாதியம்மாள் சொன்ன பதில்கள்

1979ஆம் வருடம் மார்கழி மாதம், மேலநீலிதநல்லூருக்குத் தெற்கே பாறைக்குளத்தில், முப்பிடாதியம்மாளின் கரிசல் காட்டில் நின்ற கம்பு ஒரே ராத்திரியில் தென்னை மர உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. அதே வாரத்தில் சங்கரன்கோவில் சந்தையில் கத்தரிக்காய் விலை இறங்கியது. மெட்ராஸ் ரயில் வழக்கம்போலத் தாமதமாக வந்தது. ஊர்க்காரர்கள் மூன்றையும் ஒரே மூச்சில்தான் பேசிக்கொண்டார்கள். அதிலும் கத்தரிக்காய்க்குத்தான் அதிக நேரம் ஒதுக்கினார்கள், ஏனென்றால் அந்த வருடம் ஊரில் பாதிப்பேர் கத்தரி போட்டிருந்தார்கள்.

கம்பு அப்படி வளர்ந்ததற்கு மழையோ உரமோ காரணமில்லை. பாறைக்குளத்தின் ஒரு பழக்கம்தான் காரணம். கண்ணுக்கு முன்னால் கிடக்கிற விஷயத்தைப் பற்றி யாராவது கேள்வி கேட்டால், அந்த ஊரில் நேரான பதில் சொல்ல மாட்டார்கள். கை கழுவிக்கொண்டிருப்பவரிடம் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால், "இல்ல, கை சுட்டுப்போச்சு, ஆத்துதேன்" என்பார். மாட்டைப் பிடித்துக்கொண்டு போகிறவரிடம் "காட்டுக்கா?" என்றால், "மாடு சினிமா பாக்கணும்னுச்சு, கூட்டிட்டுப் போறேன்" என்பார். இதில் கோபம் கிடையாது. சொல்லப்போனால் இது ஒரு மரியாதை. எகத்தாளம் இல்லாமல் ஒருவர் பதில் சொன்னால்தான் வீட்டில் ஏதோ சாவு விழுந்திருக்கிறது என்று பதறுவார்கள்.

அந்த ஊரிலும் முப்பிடாதியம்மாளின் வாய் தனி. கல்யாணத்தன்று மாப்பிள்ளை வெள்ளத்துரை, மணவறையில் குனிந்திருந்தவளிடம் ஆசையாக, "வெக்கமா?" என்று கேட்டார். "மாலை கனம். நீரு வேணும்னா ஒரு கை பிடியும்" என்றாள். வெள்ளத்துரை அன்றோடு கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டார். அதற்கப்புறம் அவருக்குத் தெரியவேண்டியதையெல்லாம் காத்திருந்து தெரிந்துகொண்டார். மற்றவர்கள் அப்படியில்லை. பொழுது போகாதவர்கள் வேண்டுமென்றே அவள் வரப்பு வழியாகப் போய், "என்னக்கா, களையெடுக்கியா?" என்று கேட்டு, வாங்கிக் கட்டிக்கொண்டு, அதை டீக்கடையில் வந்து சொல்லிச் சிரிப்பார்கள்.

மெட்ராஸில் ஒரு பள்ளிக்கூடத்தில் அந்த வருடக் காலாண்டுப் பரீட்சையில் "அரிசி எங்கிருந்து கிடைக்கிறது?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தார்கள். வகுப்பில் பெரும்பாலோர் ரேஷன் கடை என்று எழுதினார்கள். கொஞ்சம் விவரமானவர்கள், ரேஷன் கடையில் இல்லாதபோது பக்கத்து வீட்டு மாமி என்று எழுதினார்கள். தலைமையாசிரியை தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகளைக் கிராமத்துக்குக் கூட்டிப்போய் விவசாயத்தையும் அங்கத்திய சாப்பாட்டையும் காட்ட வேண்டும் என்று முடிவானபோது, "எங்க ஊர்ப் பக்கமே போகலாம் மேடம்" என்று எழுந்து நின்றவர் சுந்தரராஜ் வாத்தியார். அவருக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவில். ஆனால் அவர் பிறந்து வளர்ந்ததெல்லாம் தறிச் சத்தத்துக்கு நடுவில். வயலை அவர் பார்த்ததெல்லாம் ரயில் ஜன்னல் வழியாகத்தான், அதுவும் தூங்காத நாட்களில். ஊரில் அவருக்குக் கூடப்படித்த சிநேகிதன் ஒருவன் இருந்தான். பரமசிவன். யூனியன் ஆபீசில் கிராம சேவக். முப்பிடாதியம்மாளின் உடன்பிறந்த தம்பி.

பரமசிவன் ஊர் ஊராக அலைந்து பார்த்தான். மெட்ராஸ் பிள்ளைகளைக் காட்டுக்குள் விட யாரும் சம்மதிக்கவில்லை. கடைசியில் அக்காவிடம் வந்து நின்றான்.

"ஒண்ணும் செய்யாண்டாம்க்கா. அதுக என்ன கேக்குதோ அதுக்குப் பதில் சொன்னாப் போதும்."

"பதில்தானல? அது கெடக்கு ஒரு குலுக்கை நெறைய" என்றாள் முப்பிடாதியம்மாள்.

குலுக்கை என்பது தானியம் கொட்டி வைக்கிற மண் கூடு. அந்த நேரத்தில் அவள் வீட்டுக் குலுக்கையில் பதிலைத் தவிர வேறு எதுவும் அதிகம் இல்லை. போன வருடத்துக் கம்பு அடிமட்டத்துக்கு வந்திருந்தது. காட்டில் நிற்கிற கம்பு தை பிறந்ததும் அறுப்புக்கு வரும். அது வந்தால் அடுத்த தை வரைக்கும் சாப்பாடு. வராவிட்டால் என்ன என்று அவர்கள் யோசித்துப் பார்த்ததில்லை, ஏனென்றால் அது எப்படியாவது வந்துகொண்டுதான் இருந்தது.

அரைப்பரீட்சை லீவில் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். யூனியன் ஸ்கூல் கட்டடத்தில் பாய் விரித்துப் படுக்க ஏற்பாடு. ஆளாளுக்கு ஒரு தண்ணீர்ப் பாட்டில், ஒரு தொப்பி, சங்கரன்கோவிலில் வாங்கிய ரொட்டிப் பாக்கெட்டுகள் ஒரு மூட்டை. கூட வந்த சுந்தரராஜ் வாத்தியார் கழுத்தில் ஒரு விசில். முதல் நாள் மத்தியானம் முப்பிடாதியம்மாள் கம்பங்கூழ் கரைத்து வைத்தாள். பிள்ளைகள் பாத்திரத்தைச் சுற்றி நின்று பார்த்தார்கள். சிமெண்ட் என்று ஒருத்தன் சொன்னான். எல்லோரும் போய் ரொட்டி தின்றார்கள். முப்பிடாதியம்மாளின் பொறுமையில் முதல் விரிசல் அங்கே விழுந்தது. அவளிடம் பொறுமை ஆரம்பத்திலேயே கம்மியாகத்தான் இருந்தது என்பதையும் இங்கே பதிவு செய்துவிட வேண்டும்.

சாயங்காலம் காட்டுக்குக் கூட்டிப்போனாள். பிள்ளைகள் கேட்டார்கள். அவர்கள் கேட்டது மாதிரிக் கேள்விகளை அந்தக் கரிசல் காடு அதற்கு முன்னால் கேட்டதில்லை. மண் ஏன் அழுக்காக இருக்கிறது? புழுவுக்கு லீவு உண்டா? வரப்பு எந்தக் கடையில் வாங்கியது? முப்பிடாதியம்மாள் தம்பி முகத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். கடைசியில் நெஞ்சுயரத்துக்குக் கதிர் தள்ளி நின்ற கம்பைக் காட்டி ஒரு பையன், "ஆன்ட்டி, இந்த மரம் எப்போ பெரிசாகும்?" என்று கேட்டான்.

"நாளைக்குக் காலையில பாரு. தென்னை உசரத்துக்கு நிக்கும். ஏணி வச்சு ஏறித்தான் பறிக்கணும்."

உள்ளூர்ப் பையனாக இருந்தால் சிரித்துவிட்டு ஓடியிருப்பான். இவன் "ஓகே ஆன்ட்டி" என்று தலையாட்டினான். சுந்தரராஜ் வாத்தியாரும் தலையாட்டினார். பிள்ளைகள் மொத்தமும் அதை நம்பிக்கொண்டு போய்ப் படுத்தார்கள்.

காலையில் கம்பு தென்னை உயரத்துக்கு நின்றது. பிள்ளைகளுக்கு இதில் ஒரு வியப்பும் இல்லை. சொன்னபடி வளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒன்றிரண்டு பேர் ஏணியைக் காணோமே என்று மட்டும் விசாரித்தார்கள். ஊர்க்காரர்கள் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு, கழுத்து வலித்ததும், முப்பிடாதியம்மாள் எந்த உரம் போட்டாள் என்பதில் பேச்சு திரும்பியது. அவள் ரகசியமாக ஏதோ போட்டிருக்கிறாள், சொல்ல மாட்டேன் என்கிறாள் என்று இரண்டு வீட்டுக்காரர்கள் பேச்சு வார்த்தையை நிறுத்திக்கொண்டார்கள். பரமசிவன் ஜீப்பில் விவசாய ஆபீசரைக் கூட்டி வந்தான். அவர் இறங்காமலேயே ஜன்னல் வழியாகப் பார்த்து, இந்த ரகம் எங்கள் சிபாரிசில் இல்லை, ஆகையால் இதற்கு ஆலோசனை சொல்ல வழியில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

முப்பிடாதியம்மாளுக்கு அப்போதும் பொறி தட்டவில்லை. அன்று மத்தியானம் எருமையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் பிள்ளை வந்து, எருமை என்னென்ன தரும் என்று கேட்டது. "காலையில பாலு, மத்தியானம் மோரு, பொழுதடைஞ்சா தயிரு. உப்பு, கறிவேப்பிலை, பெருங்காயமெல்லாம் உள்ளயே உண்டு" என்றாள். மத்தியானக் கறவைக்கு உட்கார்ந்த வெள்ளத்துரை கொஞ்ச நேரம் செம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாய் குடித்தார். "உப்பு லேசாக் கம்மி" என்றார். பால் சொசைட்டியில் மோரை வாங்க மாட்டோம் என்றார்கள். மறுநாளிலிருந்து சொசைட்டி வாசலிலேயே ஆட்கள் சொம்போடு நின்று வாங்கிக் குடிக்க ஆரம்பித்தார்கள்.

மூன்றாவதாக மிளகாய். வேலியோரம் நின்ற மிளகாய்ச் செடியைக் காட்டி, இது ரொம்பக் காரமா என்று கேட்டவனுக்கு, "வஞ்சா காரமா இருக்கும், கொஞ்சுனா இனிக்கும்" என்று சொல்லிவிட்டாள். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து ஒவ்வொரு செடியையும் கன்னத்தைத் தடவிக் கொஞ்சினார்கள். அன்று அரைத்த துவையல் பாயசம் மாதிரி இருந்தது. கூழுக்குத் தொட்டுக்கொள்ள அதை வாயில் வைத்த வெள்ளத்துரை கூழ்க் கும்பாவைக் கீழே வைத்துவிட்டார். கம்பு வளர்ந்தபோதும், எருமை மோர் கறந்தபோதும் மாறாத அவர் முகம் அப்போதுதான் வாடியது.

"பிள்ளைககிட்ட மட்டும்தான் பலிக்கி" என்றார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் சொன்ன நீளமான வாக்கியங்களில் அது ஒன்று.

முப்பிடாதியம்மாள் அதைச் சோதித்துப் பார்த்தாள். பெரியவர்களிடம் அவள் சொல்லிவந்த எகத்தாளம் எதுவும் நடக்கவில்லை. பக்கத்து வீட்டு ஆவுடையம்மாளின் மாட்டுக்கு அவள் சொன்னபடி கொம்பில் பூ பூக்கவில்லை. இந்த மெட்ராஸ் பிள்ளைகள் நம்புகிறார்கள், நம்பினால் நடந்துவிடுகிறது. அந்தப் பக்கத்துப் பூமிக்கு யாரும் தன்னை இவ்வளவு நம்பிப் பழக்கமில்லை போலிருக்கிறது. வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னதையெல்லாம் செய்தது.

சரி, திருத்திவிடலாம் என்று பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்து, "மக்கா, கம்பு ஆள் உசரந்தான் வளரும். எருமை பால்தான் தரும். மிளகா காரந்தான்" என்று சொன்னாள். பிள்ளைகள் கம்பை அண்ணாந்து பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள், விழுந்து விழுந்து சிரித்தார்கள். "ஆன்ட்டி சும்மா கலாட்டா பண்றாங்க சார்!" சுந்தரராஜ் வாத்தியாரும் சிரித்தார். "நீங்க ரொம்ப ஹ்யூமரா பேசுறீங்கம்மா" என்று பாராட்டினார். பொய் சொன்னபோதெல்லாம் நம்பிய கூட்டம், வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் மெனக்கெட்டு நிஜத்தைச் சொன்னபோது நம்ப மறுத்துவிட்டது. அவளுக்கு அந்த வாத்தியாரின் விசிலைப் பிடுங்கி எருமையின் வாயில் வைத்துவிடலாமா என்று வந்தது.

இதற்கிடையில் மேலே கதிர்கள் முற்றிக்கொண்டிருந்தன. வெயிலுக்குப் பக்கத்தில் இருந்ததால் தை வரைக்கும் அவை காத்திருக்கவில்லை. மேற்கு மலையிலிருந்து கிளிகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கின. கீழேயிருந்து கவண் வீசினால் கல் பாதி உயரம் போய்த் திரும்பி வீசியவர் மேலேயே விழுந்தது. பனையேறி ஒருத்தரைக் கூட்டி வந்தார்கள். அவர் கம்பந்தட்டையின் தண்டில் பாதி ஏறிவிட்டு இறங்கி, தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "பன நிக்கும் அண்ணாச்சி. இது தொட்டில் ஆட்டுத மாதிரி ஆட்டுது" என்றார். ஒரு தட்டையை அடியில் வெட்டிச் சாய்த்துப் பார்த்தார்கள். விழுந்த வேகத்தில் கதிர் சிதறி, மணி முழுக்க ஈரக் கரிசலுக்குள் போய் மறைந்தது. அள்ளிய சேற்றைச் சுளகு என்கிற முறத்தில் போட்டுக் கழுவியதில் ஒரு கைப்பிடி தேறியது. அடுத்த தட்டையில் கோடாலி வைக்க வெள்ளத்துரைக்குக் கை வரவில்லை. வீட்டில் ஒரு வருடச் சாப்பாடு தலைக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தது. தினமும் கொஞ்சம் கிளிகளோடு மலைக்குப் பறந்துகொண்டிருந்தது.

பிள்ளைகள் மறுநாள் ரயிலேறுகிறார்கள் என்கிற நிலைமையில், முப்பிடாதியம்மாள் வெறும் சாக்கை மடியில் வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தாள். இந்தக் கூட்டம் இதே நம்பிக்கையோடு ஊர் போய்ச் சேர்ந்தால், கம்பு இனி எந்தக் காலத்திலும் கீழே வராது என்பது அவளுக்கு விளங்கியிருந்தது. அப்போது மஹ்பூபா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கடையநல்லூர்க் குடும்பம், அப்பா துபாயில், பள்ளிக்கூடத்துக்காக மெட்ராஸில் சின்னம்மா வீட்டில் இருக்கிற பெண். கையில் கடைசி ரொட்டித் துண்டு இருந்தது.

"எல்லாத்தையும் கிளி தின்னுட்டா, நீங்க என்ன சாப்பிடுவீங்க?"

பாறைக்குளத்தில் இதற்குப் பதில் ஒன்றுதான். பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். 'மண்ணைத் திங்க வேண்டியதுதான்.' முப்பிடாதியம்மாளின் நாக்கு யோசிக்காமலேயே அதை எடுத்துத் தயார் பண்ணிவிட்டது. 'மண்' வாய்க்குள் முழுசாக வந்துவிட்டது. அந்த இடத்தில் அவள் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். சொன்னால் இது நம்பும். நம்பினால் நடக்கும். இவள், வெள்ளத்துரை, யார் கண்டது, ஊரே மண்ணைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கும், உப்பு சரியாக இருக்கிறதா என்று வேறு கேட்டுக்கொள்ளும். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தொண்டையில் நின்ற சொல்லை விழுங்கினாள். மிளகாய் காரமாக இருந்த காலத்தில்கூட அவள் கண்ணில் அவ்வளவு தண்ணீர் வந்ததில்லை.

அந்தப் பிள்ளை காத்துக்கொண்டிருந்தது.

"எங்களுக்கு வேற ஒண்ணுமில்ல மக்கா" என்றாள் முப்பிடாதியம்மாள். குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. "நீங்க பறிச்சுத் தந்தாத்தான் உண்டு."

மஹ்பூபா சிரிக்கவில்லை. எழுந்து போய் மற்றவர்களிடம் சொன்னாள். அவர்களும் சிரிக்கவில்லை. விசில் இல்லாமலே வரிசையாகக் காட்டுக்குள் வந்தார்கள். மஹ்பூபா முதல் தட்டைக்குக் கீழே போய்க் கையை நீட்டினாள். தட்டை மேலேயிருந்து முனகிக்கொண்டு, கீழே விழுந்த எதையோ தேடுகிற பெரிய மனுஷன் மாதிரி மெதுவாகக் குனிந்து, கதிரை அவள் கையில் வைத்தது. அவள் ஒடித்துக்கொண்டதும் நிமிர்ந்துகொண்டது. அடுத்தது குனிந்தது. அதற்கடுத்ததும் குனிந்தது. கிளிகள் கத்திக்கொண்டு கிளம்பிப் போயின. ஆவுடையம்மாள் ஆசைப்பட்டு ஒரு தட்டைக்குக் கீழே போய்க் கை நீட்டிப் பார்த்தாள். அது அசையவில்லை.

பொழுது சாய்வதற்குள் காடு முடிந்தது. களத்தில் குவித்த கதிரின் மேல் பிள்ளைகள் விழுந்து புரண்டார்கள், பிறகு கதிரின் சொணை ஒட்டி உடம்பெல்லாம் அரிக்கிறது என்று அழுதார்கள். முப்பிடாதியம்மாள் புதுக்கம்பை இடித்துச் சோறு பொங்கினாள். மிதுக்க வத்தலும் சீனியவரைக்காய் வத்தலும் வறுத்தாள். எருமை மோரில் கரைத்து ஊற்றினாள். யாரும் சிமெண்ட் என்று சொல்லவில்லை. அவனவன் பறித்தது என்பதால் அவனவன் கும்பாவை அவனவன் கட்டிப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டான். இன்னொரு கை வைக்கச் சொல்லிக் கேட்டார்கள். இனிப்பு மிளகாயை மட்டும் தனியாக வாங்கித் தின்றார்கள். வெள்ளத்துரை அந்தப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

ரயில் போனதும் எல்லாம் சரியாகிவிடும் என்று முப்பிடாதியம்மாள் நினைத்தாள். ஆனால் அவள் சொன்னது அந்தப் பிள்ளைகளால் நம்பப்பட்டு, பூமியால் ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது. அடுத்த புரட்டாசியில் விதைத்த கம்பும் மார்கழியில் ஒரு ராத்திரியில் தென்னை உயரத்துக்குப் போய் நின்றது. உள்ளூர்ப் பிள்ளைகளை விட்டுப் பறிக்கச் சொன்னார்கள். அவர்கள் கம்பை நம்பவில்லை, கம்பும் அவர்களை நம்பவில்லை. பருத்தி போட்டுப் பார்க்கலாம் என்று வெள்ளத்துரை தோட்டத்து மூலையில் நாலு விதை ஊன்றினார். 'வேற ஒண்ணுமில்ல' என்று அவள் சொல்லியிருந்தாளே, அதுவும் கம்பாகவே முளைத்தது. கடைசியில் பரமசிவனைக் கொண்டு சுந்தரராஜ் வாத்தியாருக்குக் கடிதம் போட்டு, லீவு எப்போது விடுவார்கள் என்று கேட்க வேண்டியதாயிற்று. எந்தக் கூட்டம் எப்போது தொலையும் என்று நாள் எண்ணினாளோ, அதே கூட்டம் எப்போது வரும் என்று ரயில் ரோட்டைப் பார்க்கிற நிலைமை. "எனக்கு இப்படி ஒரு வாயை வச்ச சாமிக்கு ஒரு பூட்டு வைக்கத் தெரியலையே" என்று அவள் புலம்புவது தெருமுனை வரைக்கும் கேட்கும்.

பூட்டை அவளே செய்துகொள்ள வேண்டியிருந்தது. ஒவ்வொரு கார்த்திகையிலும், பிள்ளைகள் வருவதற்கு முன்னால், நேரான பதில் சொல்லிப் பழகினாள். கேள்வி கேட்பதற்கு ஆள் வேண்டுமே. கல்யாணத்தன்று கேள்வியை விட்ட வெள்ளத்துரையைத் தொழுவத்தில் நிறுத்திக் கேட்க வைத்தாள். அவர் தயங்கித் தயங்கி, எருமையைக் காட்டி, "இது என்னது?" என்பார்.

"எரு..." என்று ஆரம்பித்து, முகம் சிவந்து, நெற்றியில் வியர்த்து, "ஒங்க அத்தை மக" என்று முடிப்பாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டு, "திரும்பக் கேளும் வே!" என்பாள். அவர் திரும்பக் கேட்பார். நாலைந்து நாளில் "எருமை" என்று வந்துவிடும். அப்படி வந்த அன்றைக்கெல்லாம் அவள் காய்ச்சல்காரி மாதிரிச் சுருண்டு படுத்துவிடுவாள். வெள்ளத்துரைக்கு இந்தக் கார்த்திகை மாதங்கள் பிடித்துப்போயின என்று பரமசிவன் சொல்வான். அவர் சில நாள் பாடத்தில் இல்லாத கேள்விகளும் கேட்டார். கால் வலிக்கா, என்று கேட்டார். ஆமா, என்று அவள் சொன்னாள்.

1982இல் மழை பொய்த்தது. பாறைக்குளத்தைச் சுற்றி உழுத காடெல்லாம் உழுதபடியே கிடந்தது. முப்பிடாதியம்மாளின் கம்பு மட்டும், உயரத்துக்குத் தக்க வேரும் விட்டிருந்ததால், பச்சையாக நின்று கதிர் தள்ளியது. ஊரே அந்த வருடம் அதை அண்ணாந்து பார்த்தது. உரத்துக்காகப் பேச்சை நிறுத்திய இரண்டு வீட்டுக்காரர்களும் வந்து பேசினார்கள். யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. அவள்தான் பதில் சொல்ல மாட்டாளே. ஆனால் ஊரில் எத்தனை அடுப்பு அந்தத் தட்டைகளின் உச்சியில் ஆடிக்கொண்டிருக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

அந்த வருடம் பிள்ளைகள் வரவில்லை. புதுத் தலைமையாசிரியை பொறுப்பேற்றிருந்தார். கொடைக்கானல் போனால் பிள்ளைகளுக்கு உடம்புக்கு நல்லது என்று முடிவு செய்திருந்தார். தை போய் மாசி பிறந்தது. கிளிகள் குடும்பத்தோடு வந்து தங்க ஆரம்பித்தன. முப்பிடாதியம்மாள் தம்பியைக் கூட்டிக்கொண்டு மெட்ராஸுக்கு ரயிலேறினாள்.

தலைமையாசிரியையின் அறையில் மின்விசிறி சுற்றியது. பரமசிவன் விஷயத்தைச் சொன்னான். பயிர் உயரமாக இருக்கிறது, பிள்ளைகள் வந்தால் குனியும், ஊரில் வேறு விளைச்சல் இல்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, நிதானமாக, "அதை ஏன் நீங்களே பறிச்சுக்கக் கூடாது?" என்று கேட்டார்.

முப்பிடாதியம்மாள் நிமிர்ந்தாள். முன்னால் உட்கார்ந்திருப்பது குழந்தை இல்லை. சொன்னால் பலிக்காது. மூன்று வருடமாக விழுங்கிய அத்தனையும் ஒரேயடியாகத் தொண்டைக்கு வந்தது.

"பறிக்கலாமே தாயி! எங்கூருல ஆளுக்கு ரெண்டு றெக்கை உண்டு. இப்பத்தான் தொவச்சுக் கொடியில காயப் போட்டுட்டு வாரேன். காஞ்சதும் மாட்டிக்கிட்டு, காக்காயோட காக்காயா மேல போயி, ஆளுக்கு ஒரு மரத்துல உக்காந்து பறிச்சிருதோம். நீங்க கொடைக்கானலுக்குப் போங்க. அங்கன குளுருல பிள்ளைகளுக்குப் பல்லு ஆடுததப் பாத்துட்டு, இது என்ன தாளம்னு ஒரு பரிச்சை வைங்க!"

பரமசிவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். தலைமையாசிரியை கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு, பிறகு முடியாமல் சிரித்துவிட்டார். அவருக்குப் பூர்வீகம் தூத்துக்குடிப் பக்கம் என்பது அப்போதுதான் தெரிந்தது. பத்து வருடமாக இந்த ஊரில் என்னிடம் யாரும் இப்படிப் பேசவில்லை என்றார். வெள்ளிக்கிழமை ரயிலுக்குப் பிள்ளைகளை அனுப்பிவைத்தார்.

ஜன்னலோரம் நின்ற ஒரு வாண்டு அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டது என்பது, ஊர் திரும்பியபோது வீட்டுக் கொடியில் ரெண்டு றெக்கை காய்ந்துகொண்டிருந்ததைப் பார்த்தபிறகுதான் தெரிந்தது. அவை சின்னப் பிள்ளை நினைத்த அளவுக்குத்தான் இருந்தன. வெள்ளத்துரையின் தோளுக்குப் பற்றவில்லை. அவர் அவற்றை உதறி, மடித்து, பரணில் போட்டு வைத்தார்.

சனிக்கிழமை பிள்ளைகள் காட்டுக்குள் இறங்கினார்கள். கம்பு அந்த வருடம் ரொம்ப நாள் நின்றுவிட்டதால் குனிவதற்குச் சிரமப்பட்டது. ஒவ்வொரு தட்டையும் கிறீச்சென்று சத்தம் போட்டு, பாதியில் நின்று மூச்சு வாங்கி, மறுபடியும் குனிந்தது. பிள்ளைகள் பொறுமையாகக் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். கிளிகள் தின்றதுபோக மிஞ்சியதே களத்தில் பெரிய அம்பாரமாகக் குவிந்தது. முப்பிடாதியம்மாள் ஊரிலுள்ள சுளகுகளையெல்லாம் எடுத்து வரச் சொன்னாள். யாருக்கு எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தாள். எதிரே ஏந்தியிருப்பவர் யார் என்று முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் எகத்தாளமாக ஏதாவது சொல்லத் தோன்றும், பக்கத்தில் பிள்ளைகள் நிற்கிறார்கள்.

மத்தியானம் களத்திலேயே பந்தி. ஊரும் பிள்ளைகளும் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். முப்பிடாதியம்மாள் ஒரு புதுப் பையனின் கும்பாவில் சோற்றை வைத்தாள். அன்று காலையில்தான் தன் கையால் அரைச் சாக்குக் கதிர் ஒடித்திருந்தான் அவன். உடம்பெல்லாம் கம்பஞ்சொணை ஒட்டிக்கொண்டிருந்தது. முதுகுக்குப் பின்னால் கம்பு மலையாகக் கிடந்தது. அவன் கும்பாவை உற்றுப் பார்த்துவிட்டு, அவளை நிமிர்ந்து பார்த்து, "ஆன்ட்டி, இது என்ன?" என்று கேட்டான்.

பந்தி முழுக்கக் கை நின்றது. ஆவுடையம்மாள் வாயில் வைத்த வத்தலைக் கடிக்காமல் பார்த்தாள். வெள்ளத்துரை தலை குனிந்துகொண்டார். முப்பிடாதியம்மாளின் கழுத்து நரம்பு புடைத்தது. நெற்றியில் வியர்வை கோர்த்தது. அவள் கண்ணை மூடி, எதையோ விழுங்கி, கண்ணைத் திறந்தாள்.

"கம்பு" என்றாள். "சாப்பிடு மக்கா."

பையன் ஒரு வாய் எடுத்து வைத்தான். அவள் சொன்னபடியே அது கம்பாக இருந்தது.